வலப்பக்கம் சுற்றிய கொடி

வாசலில் ஆட்டோ ஹாரன் அலறியது. நின்றது. மறுபடி அலறியது. விட்டு விட்டு, ஒரு ஒழுங்கே இல்லாமல், தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரி.

சாலமோன் காப்பி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த வீட்டுக்கு யாரும் வருவதில்லை. பக்கத்து வீட்டுக்கு வந்திருப்பார்கள் என்றாள் அவர் மனைவி ஹெலன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே.

பக்கத்து வீட்டுக்கு இல்லை. ஆட்டோ அவர்கள் கேட்டை ஒட்டித்தான் நின்றது. டிரைவரின் மடியில் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்து இரண்டு கையாலும் ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் இருந்தவள் முகத்தை மறுபக்கம் திருப்பியிருந்தாள். அந்தப் பின்கழுத்தைப் பார்த்ததுமே சாலமோனுக்கு யாரென்று தெரிந்துவிட்டது.

சிநேகா. அவருடைய ஒரே மகள். நாலரை வருஷமாகச் செங்கல்பட்டு பக்கமே தலைவைத்துப் படுக்காதவள்.

அவள் இறங்கவில்லை. இறங்கி வந்தது அவள் கணவன் லோகு மட்டும்தான். கையில் மீன் வைத்து அனுப்புகிற வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி.

"மீனெல்லாம் வேணாம்பா," என்றாள் ஹெலன், அவன் படியேறும்போதே. நாலரை வருஷம் கழித்து மருமகனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"மீன் இல்ல அத்த."

லோகு ஹால் நடுவில் மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்தான். உள்ளே ஐஸ் இல்லை. கிழிந்த நைலான் வலையைச் சுருட்டிச் சுருட்டி அடைத்திருந்தான். ஒவ்வொரு சுருட்டாக எடுத்துத் தரையில் போட்டான். கடைசியில் இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குகிற மாதிரி ஒரு பூச்சாடியை வெளியே எடுத்தான். எலுமிச்சைத் தோல் நிறம். அல்லிப்பூ மாதிரி விரிந்த வாய். தண்டைச் சுற்றி ஏறும் ஒரு கண்ணாடிக் கொடி.

ஹெலன் எழுந்து நின்றாள்.

அந்த ஹாலின் ஒரு சுவர் முழுக்க ஹெலனின் தேக்கு அலமாரி. உள்ளே முப்பது வருஷச் சேகரிப்பு. ரோஜா நிறப் பன்னீர்ச் செம்பு, நீலச் சிமினி போட்ட மேசை விளக்கு, பட்டை தீட்டிய மது ஜாடி (அந்த வீட்டில் யாரும் குடிப்பதில்லை), கழுத்து ஒடுங்கிய அத்தர் குப்பிகள், பால் வெள்ளைக் கிண்ணங்கள். எல்லாமே கண்ணாடி. எல்லாமே நூறு வயதைத் தாண்டியவை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மற்றவர்கள் கறிக்கடைக்குப் போவார்கள். ஹெலன் பாண்டிச்சேரிக்கோ மாமல்லபுரத்துக்கோ பஸ் ஏறுவாள். பழைய சாமான் கடைக்காரர்களுக்கு ஹெலன் டீச்சர் என்றால் கொஞ்சம் பயம். புதுக் கண்ணாடியைப் புகையில் காட்டிப் பழசு என்று அவளிடம் தள்ள முடியாது. தலைமை ஆசிரியையாகப் பிள்ளைகளின் பொய்யைக் கண்டுபிடித்த கண் அது.

ஏன் இந்தக் கண்ணாடி ஆசை என்று கேட்டால் அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். காரணம் சாலமோனுக்கு மட்டும் தெரியும். ஹெலனின் அம்மா செய்யூர் பக்கம் ஒரு பெரிய வீட்டில் மாட்டுக்கொட்டகை கூட்டியவர். அந்த வீட்டு ஜன்னலுக்குள்ளே ஒரு மஞ்சள் பூச்சாடி தெரியும். ஆறு வயது ஹெலன் ஒருநாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தாள். அவள் கையை எடுத்ததும், அந்த வீட்டுக்காரர்கள் கம்பியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள்.

இருபத்தைந்து வருஷம் கழித்து அந்த வீட்டுச் சாமான்கள் விலைக்கு வந்தபோது, ஹெலன் டீச்சர் முதல் ஆளாகப் போய் நின்றாள். அதே பூச்சாடியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். அவள் சேகரிப்பின் முதல் பொருள் அதுதான். அந்தக் காலத்தில் கண்ணாடிக் குழம்பில் யுரேனியம் கலந்து செய்தது. இருட்டில் ஊதா வெளிச்சம் பட்டால் பச்சையாக மின்னும். கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா டார்ச் ஒன்று அவள் கைப்பையில் எப்போதும் இருக்கும். அதை அடித்துக் காட்டி, "பாத்தீங்களா, அதுக்குள்ளயே ஒரு வெளக்கு இருக்குது" என்று வருகிறவர்களிடம் பெருமைப்படுவாள்.

வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது ஒவ்வொரு பொருளையும் மஞ்சள் ஃபிளானல் துணியில் சுற்றி, சிவப்பு நூல் கட்டி, மேலே சீட்டு எழுதிச் செருகுவாள். வேறு யாரும் கை வைக்கக் கூடாது. அலமாரியில் இருந்த எதையும் சாலமோன் தொட்டதில்லை.

ஒரே ஒரு தடவை தவிர.

அது நாலரை வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜூலை ஞாயிறு. சிநேகா அப்போது ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையில் ஒரு ஓட்டலுக்குச் சாமான் வாங்குகிற பிரிவில் வேலை பார்த்தாள். அந்த ஓட்டலுக்கு மீன் போடுகிறவன் லோகு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் வீடு, அப்பா விட்டுப்போன ஒரு ஃபைபர் படகு, பன்னிரண்டாம் வகுப்பு. இவரைத்தான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று சிநேகா கூட்டிவந்தாள். அவன் ஒரு தெர்மாகோல் பெட்டி நிறைய வஞ்சிரம் கொண்டுவந்திருந்தான்.

ஹெலன் கத்தவில்லை. மீனை வாங்கி உள்ளே வைத்துவிட்டுக் காப்பி கொடுத்தாள். பலகாரத் தட்டோடு திரும்பி வந்தபோது, சிநேகா அலமாரியைத் திறந்து அந்த முதல் பூச்சாடியை லோகுவின் கையில் கொடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஹெலன் அதை வாங்கி மேசைமேல் வைத்தாள். தன் விரல்களை மூக்கருகே கொண்டுபோனாள். "மீன் வாடை அடிக்குது," என்றாள். அவ்வளவுதான். தலைவலி என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். லோகு காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். சிநேகா உதட்டைக் கடித்துக்கொண்டு அவனோடு பஸ் ஸ்டாண்டு வரை போனாள்.

ஹாலில் சாலமோனும் பூச்சாடியும் மட்டும்தான் இருந்தார்கள்.

ஹெலன் வெளியே வருவதற்குள் அந்த வாடை போய்விட்டால் பாதிக் கோபமாவது போகுமே என்று நினைத்தார். அவர் ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்திரண்டு வருஷம் உதவியாளராக இருந்தவர். பீக்கர், பிளாஸ்க், சோதனைக் குழாய் என்று அவர் கழுவாத கண்ணாடி இல்லை. கொதிக்கிற தண்ணீரில் போகாத வாடை உலகத்தில் கிடையாது என்பது அவர் அனுபவம். தண்ணீரைக் கொதிக்கவைத்தார். தொட்டியருகே நின்று பூச்சாடியில் ஊற்றினார்.

ஆய்வகக் கண்ணாடி வேறு, அந்தக் கண்ணாடி வேறு. 'டிக்' என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான், விரலில் சொடக்கு எடுத்த மாதிரி. பூச்சாடி அவர் கையிலேயே மூன்று துண்டாகப் பிரிந்தது.

துண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றினார். பரணில் இருந்த கிறிஸ்துமஸ் குடில் பெட்டிக்குள், வைக்கோலுக்கு அடியில் தள்ளினார். டிசம்பர் வர இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அதற்குள் சொல்லிவிடலாம். ஏன், நாளைக்கே சொல்லிவிடலாம்.

ஹெலன் சாயங்காலம் எழுந்து வந்தாள். காலி மேசையைப் பார்த்தாள். "தூக்கிகினு போயிட்டான்," என்றாள். "அந்த மீன் பெட்டியில வெச்சித் தூக்கிகினு போயிட்டான்."

திரும்பி வந்த சிநேகா துடித்துப் போய்விட்டாள். பெட்டியைத் தானே கையில் வாங்கிப் பஸ்ஸில் ஏற்றியதாகச் சொன்னாள். அதில் ஒன்றுமே இல்லை என்று சத்தியம் செய்தாள். ஹெலன் காதில் வாங்கவில்லை. அன்று இரவெல்லாம் அவள் தூங்காமல் வீட்டைப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தாள். சாலமோன் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். கண்டுபிடித்துவிடட்டும், தானாகச் சொல்ல வேண்டிய வேலை மிச்சம் என்றுகூட வேண்டிக்கொண்டார். ஆனால் காலையில் ஹெலன் அமைதியாகக் காப்பி குடித்தாள், தலை வாரிக்கொண்டாள், நல்ல புடவை கட்டிக்கொண்டாள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டு வந்தாள்.

லோகுவைக் கூட்டிவந்து ஒரு பகல் முழுக்க பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சாட்சி எதுவும் இல்லாததால் பொழுது சாயும்போது விட்டுவிட்டார்கள். அன்றைக்கே சிநேகா ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டாள். வாசலில் அவரைத் திரும்பிப் பார்த்து, "அம்மா நம்பலன்னா பரவால்லப்பா. நீங்க நம்புறீங்கல்ல?" என்று கேட்டாள்.

"நம்புறேம்மா," என்றார் சாலமோன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

பிறகு பதிவுத் திருமணம் என்று கேள்விப்பட்டார்கள். குழந்தை என்று கேள்விப்பட்டார்கள். முதல் டிசம்பர் வந்தபோது சாலமோன் பரணையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியை இறக்கித்தானே ஆக வேண்டும்? ஆனால் ஹெலனே தடுத்துவிட்டாள். பொண்ணு இல்லாத வீட்டில் குடில் எதற்கு, அந்தப் பெட்டியை இறக்கவே வேண்டாம் என்றாள். ஒவ்வொரு வருஷமும் அதையே சொன்னாள். சொல்லும்போது அவள் கண் கலங்கியிருக்கும். பாவம், மகள் ஏக்கம் என்று நினைத்தார். பெட்டி தப்பித்ததற்கு ஆண்டவருக்கு நன்றியும் சொல்லிக்கொண்டார்.

இப்போது அந்தப் பூச்சாடிதான் லோகுவின் கையில் இருக்கிறதா?

இல்லை. சாலமோனுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. பழைய பூச்சாடியில் கொடி இடப்பக்கமாகச் சுற்றி ஏறும். இதில் வலப்பக்கம். லோகுவும் அதைத்தான் சொன்னான். இந்த மாதிரிப் பூச்சாடிகளை அந்தக் காலத்தில் ஜோடி ஜோடியாகத்தான் செய்வார்களாம், ஒன்று இடம், ஒன்று வலம். சிநேகாவின் பழைய பிறந்தநாள் போட்டோவில் பின்னால் அந்தப் பூச்சாடி தெரியும். அதைப் பெரிதாக்கிக் கடை கடையாகக் காட்டியிருக்கிறான். நாலு வருஷம் கழித்து, மாமல்லபுரத்தில் பழைய பொருள் கடை வைத்திருக்கும் கோபாலகிருஷ்ணன் என்பவர் போன மாதம் கூப்பிட்டிருக்கிறார். ஜோடியின் மறுபாதி ஒன்று வந்திருக்கிறது என்று.

"நா எடுக்கல அத்த," என்றான் லோகு. "ஆனா ஒங்களுக்கு அது போனது போனதுதான? அதான் தேடிக் கொண்டாந்தேன். சிநேகா வெளிய கீது. பாப்பாவும் கீது. நீங்க ஒரு தபா கூப்டீங்கன்னா உள்ள வந்துடும்."

ஹெலன் திரைச்சீலைகளை இழுத்துவிட்டாள். ஹால் இருண்டது. டார்ச்சை எடுத்து அடித்தாள். பூச்சாடி பச்சையாக எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அவள் விரல் கொடியைத் தொட்டது. அடியிலிருந்து வாய் வரை அதன் போக்கிலேயே மெதுவாக ஏறியது. சாலமோன் காத்திருந்தார். இப்போது தெரிந்துவிடும். இது வேறு என்று அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

ஹெலன் டார்ச்சை அணைத்தாள்.

"என்னோடதுதான்," என்றாள். "நாலு வருஷம் கழிச்சாவது எடுத்த பொருள கொண்டாந்து குடுத்தியே. சந்தோசம்."

லோகுவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவன் முகம் கறுத்தது. சட்டைப் பையிலிருந்து கடைச் சீட்டை எடுத்து நீட்டினான். சீட்டு யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றாள் ஹெலன், அதைக் கையில் வாங்காமலே. அவன் சாலமோன் பக்கம் திரும்பினான்.

"மாமா, நீங்க சொல்லுங்க. நீங்களும் தான அத்தினி வருசம் பாத்தீங்க. இது அதுவா?"

இல்லை என்று சாலமோன் சொன்னால், அப்படியானால் அது எங்கே என்று அடுத்த கேள்வி வரும். அவர் தரையைப் பார்த்தார். அங்கே வலைச் சுருட்டுகள் கிடந்தன.

லோகு அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனான். சாலமோன் கேட் வரை ஓடினார். ஆட்டோ அதற்குள் திரும்பிவிட்டது. குழந்தை மட்டும் வெளியே எட்டி அவருக்கு டாட்டா காட்டியது. யாருக்குக் காட்டுகிறோம் என்று அதற்குத் தெரியாது.

உள்ளே வந்தபோது ஹெலன் பூச்சாடியை அலமாரியில் வைத்திருக்கவில்லை. அந்த வெல்வெட் விரிப்பில் பழைய பூச்சாடி நின்ற வட்டம் நாலரை வருஷமாகக் காலியாகத்தான் இருந்தது. புதுசு சாப்பாட்டு மேசைமேல் நின்றது. நாலரை வருஷ ஆத்திரம் அவள் கண்ணை மறைத்துவிட்டது என்று சாலமோன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாவம் அவளுடையது இல்லை. பாவம் தன்னுடையது.

சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

குப்பத்தில் இறங்கியபோது வெயில் உச்சியில் இருந்தது. படகுகள் மணலில் ஏறி நின்றன. லோகுவின் வீட்டைக் கேட்டபோது, கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார். லோகுவின் தாய் தனக்கோடி.

"வாங்க சம்மந்தி. நாலு வருசமா வழி தெரியல, இன்னிக்குத் தெரிஞ்சிச்சா?" என்றார். "இன்னா, பூஜாடில எதுனா கொறையா? எஞ்சின வித்து வாங்கினாந்தான் எம்புள்ள. நல்லா ஓடினிருந்த எஞ்சினு. இப்ப அடுத்தவன் போட்ல கூலிக்குப் போவுது. கண்ணாடி ஜாடிக்கு எஞ்சின வித்த மொத ஆளு இந்தக் கடக்கரையிலயே இவன்தான்."

சாலமோன் கைகூப்பினார். தனக்கோடிக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறொரு புகார் சொன்னார். "பேத்திக்கு வினிதான்னு நாங்க பேரு வெச்சோம். ஒங்க பொண்ணு இன்னா பண்ணிச்சி தெரியுமா? ஆதார் எடுக்கப் போயி வினிதா ஹெலன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துகீது."

சிநேகா வாசலுக்கு வந்து நின்றாள். இளைத்திருந்தாள்.

சாலமோன் நின்றபடியே சொல்லிவிட்டார். மீன் வாடை, கொதித்த தண்ணீர், 'டிக்' என்ற சத்தம், குடில் பெட்டி, எல்லாம். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நாலரை வருஷம் சுமந்தது ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டதே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

சிநேகா கடல் பக்கம் திரும்பினாள். பிறகு சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் இறங்கியது.

"பீக்கர் கழுவுற மாதிரியே கழுவினீங்களாப்பா?"

வலையருகே உட்கார்ந்திருந்த லோகு எழுந்து வந்தான். அடித்துவிடுவான் என்று சாலமோன் எதிர்பார்த்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. லோகு குரலை உயர்த்தவில்லை.

"ஸ்டேசன்ல பெஞ்சில ஒக்கார வெச்சப்போகூட நா பேஜார் ஆவல மாமா. யாரோ தப்பா நெனச்சிக்கினாங்கன்னு வுட்டுட்டேன். காலீல நா ஒங்களக் கேக்கசொல்லோ நீங்க தரைய பாத்தீங்களே, அதான் தாங்கல."

குழந்தை வந்து அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, காலையில் தான் டாட்டா காட்டிய தாத்தாதானே என்று கேட்டது. அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

கிளம்பும்போது சிநேகா கூடவே பஸ் நிறுத்தம் வரை வந்தாள். வழியெல்லாம் அவள்தான் பேசினாள். அம்மாவைப் பற்றியே பேசினாள். பள்ளிக்கூடத்தில் ஒரு முறை காசு திருடியதாக ஒரு பெண்ணை அம்மா அடித்துவிட்டு, மறுநாள் காசு கிடைத்ததும் கருங்குழிக்கு அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போய், அவள் அப்பா அம்மா முன்னால் மன்னிப்புக் கேட்டதைச் சொன்னாள். அம்மாவுக்குத் தலைக்கனம் உண்டு, கோபம் உண்டு. ஆனால் தப்பு என்று தெரிந்தபிறகு பிடிவாதம் பிடிக்கிற ஆள் இல்லை என்றாள்.

"அம்மாவுக்குத் தெரியாதுப்பா, அதான். தெரிஞ்சா இன்னிக்கே வந்து நிப்பாங்க. நீங்க போய்ச் சொல்லுங்க. அம்மா ஒரு வார்த்த அவருகிட்ட சொல்லட்டும், அது போதும். இந்த கிறிஸ்மசுக்கு நாங்க அங்க வந்துடறோம். பாப்பா குடிலே பாத்ததில்ல. நாமளே வெக்கலாம்."

பஸ் நகர்ந்தபோது அவள் கையசைத்தாள். குழந்தையைப் போலவே, விரல்களை மட்டும் மடக்கி மடக்கி.

திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை சாலமோன் மனதுக்குள் ஒத்திகை பார்த்தார். எப்படிச் சொன்னாலும் ஹெலன் கத்துவாள். கத்தட்டும். ஒரு மாதம் பேசமாட்டாள். பேசவேண்டாம். பிறகு புடவையை மாற்றிக்கொண்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு, குப்பத்துக்குக் கிளம்பிவிடுவாள். லோகுவின் முன்னால் நிற்பாள். அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே வந்தார். ஜன்னலோரக் காற்றில் கண் எரிந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்தது.

செங்கல்பட்டில் தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. நாலைந்து வீடுகளில் காகித நட்சத்திரம் தொங்கியது. ஹெலன் சாப்பாட்டு மேசையில் அந்தப் பூச்சாடிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போடவில்லை. காலையில் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்தாளா என்றே தெரியவில்லை. எங்கே போனீர்கள் என்றும் கேட்கவில்லை.

சாலமோன் விளக்கைப் போட்டார். நேராக ஸ்டூலை இழுத்துப் பரணுக்கு அடியில் வைத்தார்.

"இன்னா பண்றீங்க?"

"ஹெலன், லோகு எடுக்கல. நான்தான் ஒடச்சேன். வெந்நீர் ஊத்திக் கழுவினேன், மூணா ஒடஞ்சி போச்சி. பயந்துகினு ஒளிச்சி வெச்சிட்டேன். இது வேற ஜாடி, நல்லாப் பாரு, கொடி வலப்பக்கம் போவுது."

"அந்தப் பெட்டிய எறக்காதீங்க."

"இனிமே எறக்கித்தான் ஆவணும். நீ என்னைய இன்னா வேணா சொல்லு. நாளைக்கு ரெண்டு பேரும் அங்க போலாம். சிநேகா வரேன்னு சொல்லிடுச்சி. நீ அவன ஒரு வார்த்த கூப்ட்டாப் போதும்."

"வேணாங்க. எறக்காதீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்கு விசித்திரமாக இருந்தது. ஆனால் ஸ்டூல்மேல் ஏறியாயிற்று. பெட்டியை மார்போடு அணைத்து இறக்கினார். தூசி பறந்தது. மேசைமேல், புதுப் பூச்சாடிக்குப் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்தார்.

மேலே யோசேப்பும் மரியாளும். ஒரு காது உடைந்த ஆட்டுக்குட்டி. மூன்று ஒட்டகம். எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தார். கீழே பழுத்துப்போன வைக்கோல். அதற்குள் கையை விட்டுத் தன் செய்தித்தாள் பொட்டலத்தைத் தேடினார்.

செய்தித்தாள் இல்லை.

கைக்கு மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. எடுத்தார். மஞ்சள் ஃபிளானல் துணி. குறுக்கே சிவப்பு நூல். இரண்டாவது பொட்டலமும் அப்படித்தான். மூன்றாவதும் அப்படித்தான். மூன்றாவதன் நூலில் ஒரு சீட்டு செருகியிருந்தது. கரும்பலகையில் எழுதி எழுதித் தேறிய கையெழுத்து, ஒரு பிசிறு இல்லாமல்: 'மூன்று துண்டுகள். ஒட்ட முடியும்.'

சாலமோன் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு ஹெலனைப் பார்த்தார். காலையில் லோகு கேட்டபோது அவர் எப்படித் தரையைப் பார்த்தாரோ, அப்படியே அவளும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்ப்ளெயின்ட் குடுக்கப் போறதுக்கு முன்னாடியே பாத்துட்டேங்க," என்றாள் ஹெலன். "போலீசுன்னா அந்தப் பையன் பயந்து ஓடிடுவான், நம்ம பொண்ணு நம்மகிட்டயே இருந்துடும்னு நெனச்சேன்."